யார் இந்த இளையபெருமாள்? காட்டுமன்னார்கோயில்காரர் எழுதிய அறிக்கையும், இன்னும் முடியாத கருவறை விவகாரமும்

சிதம்பரத்தில் 2025 ஜூலையில் ஒரு நினைவு அரங்கத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். எல்.இளையபெருமாளின் நூற்றாண்டு நினைவாகக் கட்டப்பட்டது அது. செய்தி வந்த அன்றைக்குப் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் இந்த இளையபெருமாள்?

மூன்று முறை எம்.பி., ஒரு முறை எம்.எல்.ஏ., காங்கிரஸ்காரர். இவ்வளவுதான் என்றால் தமிழ்நாட்டில் அப்படி நூறு பேரைச் சொல்லலாம். இவருடைய பெயர் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம் ஓர் அறிக்கை. 1969ல் மத்திய அரசிடம் கொடுக்கப்பட்ட அந்த அறிக்கைக்கு 'இளையபெருமாள் கமிட்டி அறிக்கை' என்றே பெயர். தீண்டாமைக்கு எதிரான சட்டத்துக்குப் பல் முளைத்ததும், 'அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர்' சட்டம் தமிழ்நாட்டில் வந்ததும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான். அந்த அர்ச்சகர் வழக்கு இன்றுவரை உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

அவர் யார், அறிக்கையில் என்ன இருந்தது, அது எங்கே போய் நிற்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தனிப் பானையை உடைத்த பையன்

இளையபெருமாள் பிறந்தது 1924 ஜூன் 26. ஊர் காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி. சிதம்பரத்திலிருந்து மேற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு இது தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர். 1993ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது கடலூர் மாவட்டத்துக்குள் வந்தது.

நிலம் ஒருவர் கையில், வேலை இன்னொருவர் கையில் என்ற ஊர் அமைப்பு. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். பள்ளிக்கூடமும் விதிவிலக்கு இல்லை. அவர் படித்த பள்ளியில் குடிதண்ணீர்ப் பானைகள் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தன. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு ஒரு பானை, மற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு பானை. அந்தத் தனிப் பானையை உடைத்தவர் இளையபெருமாள். விஷயம் தலைமை ஆசிரியர் வரை போய், கடைசியில் தனிப் பானை வைக்கும் வழக்கமே நின்றது. 'சித்திரை நெருப்பு' என்ற தன் வாழ்க்கை வரலாற்றில் தன் போராட்டக் கதைகளை அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு கொஞ்ச காலம் ராணுவம். திரும்பி வந்த பிறகு ஊர்ப் பிரச்சினைகளில் இறங்கினார்.

அதற்கு முன்பே சிதம்பரம் பகுதியில் ஒருவர் வழி போட்டு வைத்திருந்தார். ஆரணி பக்கத்திலிருந்து சிதம்பரத்துக்கு வந்த சுவாமி சகஜானந்தர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1916ல் அவர் தொடங்கிய நந்தனார் பள்ளி, இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகளை உருவாக்கியது. சகஜானந்தர் சென்னை மாகாண சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் இருந்தார். 1959ல் மறைந்தார். கல்வி, பிறகு சட்டமன்றம் என்ற அந்தப் பாதையில் அடுத்து வந்த தலைமுறை இளையபெருமாளுடையது. இன்றைக்கு இரண்டு பேருக்கும் சிதம்பரத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது.

27 வயதில் எம்.பி.: ஒரே தொகுதி, இரண்டு உறுப்பினர்கள்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1952ல், கடலூர் தொகுதியிலிருந்து இளையபெருமாள் மக்களவைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 27. எம்.பி. ஆவதற்குக் குறைந்தபட்ச வயதே 25தான்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. அந்தக் காலத்தில் ரிசர்வ் தொகுதி என்று தனியாக இல்லாமல், பெரும்பாலும் 'இரட்டை உறுப்பினர் தொகுதி' என்ற ஏற்பாடு இருந்தது. பெரிய தொகுதி ஒன்று, அதற்கு இரண்டு எம்.பி.க்கள். ஒருவர் பொது, இன்னொருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. 1952ல் கடலூரில் ஜெயித்த இன்னொருவர் கோவிந்தசாமி கச்சிராயர். அவர் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைச் சேர்ந்தவர். இளையபெருமாள் காங்கிரஸ். ஒரே தொகுதி மக்கள், இரண்டு வேறு கட்சிகளிலிருந்து இரண்டு பேரை டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

1957ல் அவர் சிதம்பரம் எம்.பி. 1961ல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நீக்கிவிட்டது. 1962ல் திருக்கோவிலூர் தொகுதியிலிருந்து மூன்றாவது முறையாக மக்களவைக்குப் போனார். ஆக, முதல் மூன்று மக்களவைகளிலும் தென்னாற்காட்டுக் குரலாக அவர் இருந்தார். பிரதமர்கள் நேரு, சாஸ்திரி, இந்திரா என்று மாறினார்கள்.

அந்த மூன்றாவது மக்களவைக் காலத்தில்தான், 1965ல், அந்தப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

கமிட்டி எதற்கு?

அரசியலமைப்பின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. அதைச் செயல்படுத்த 1955ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. கோயில், கடை, கிணறு, சலூன், ஓட்டல் எங்கேயும் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுத்தால் குற்றம் என்றது.

சட்டம் வந்து பத்து வருடம் ஆனது. நடைமுறையில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பட்டியல் சாதியினர் மீதான தீண்டாமை, அவர்களுடைய பொருளாதார நிலை, கல்வி ஆகிய மூன்றையும் ஆராய மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவராக இளையபெருமாள் நியமிக்கப்பட்டார்.

குழு மாநிலம் மாநிலமாகச் சுற்றியது. நடுவே 1967 தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, மக்களவைத் தொகுதிகளிலும் பலமாக அடி வாங்கியது. நான்காவது மக்களவையில் இளையபெருமாள் இல்லை. ஆனால் குழுவின் வேலை நிற்கவில்லை.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். காட்டுமன்னார்கோயிலுக்குத் தெற்கே, கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்த டெல்டாதான். அடுத்த மாதம், 1969 ஜனவரியில், இளையபெருமாள் கமிட்டி தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தது.

அறிக்கை என்ன சொன்னது?

சுருக்கமாகச் சொன்னால்: தீண்டாமை ஒழியவில்லை, சட்டம் வேலை செய்யவில்லை.

ஏன் வேலை செய்யவில்லை? 1955 சட்டத்தை எடுத்துப் பார்த்தாலே பதில் தெரியும்.

முதலாவது, தண்டனை. அதிகபட்சம் ஆறு மாதம் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 'அல்லது' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் கிடையாது. சிறிய அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, சமரசம். நீதிமன்ற அனுமதியோடு இரு தரப்பும் வழக்கை ராஜி செய்துகொள்ள முடியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிராமத்தில் புகார் கொடுத்தவர் யாரிடம் கூலி வேலைக்குப் போகிறார்? யார் வயல் வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறார்? குற்றம் சாட்டப்பட்டவரிடம்தான். அங்கே 'சமரசம்' என்றால் புகாரை வாபஸ் வாங்குவது என்று அர்த்தம்.

மூன்றாவது, அதிகாரிகள். போலீஸ் வழக்கே பதியாமல் விட்டால் அவர்களை யார் கேட்பது?

தண்டனையைக் கூட்ட வேண்டும், சமரசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது, கடமை தவறும் அதிகாரிகளையும் பொறுப்பாக்க வேண்டும் என்கிற திசையில் கமிட்டி பரிந்துரை செய்தது. இதுவரை எந்தக் கமிட்டியும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அறிக்கை அங்கே நிற்கவில்லை. தீண்டாமைக்கு வேர் எங்கே என்று தேடிக்கொண்டு கோயில் கருவறை வரை போனது.

இந்து சமூகத்தில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை சொன்னது. பிறப்பால் வரும் உரிமைக்குப் பதிலாக, தேவையான கல்வித் தகுதி உள்ளவர்களை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் பயிற்சி கொடுத்து அர்ச்சகராக்க வேண்டும், அந்த வாய்ப்பு எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. ஒரு மத்திய அரசுக் குழு, அதுவும் ஒரு காங்கிரஸ்காரர் தலைமையில், 1969ல் இதைச் சொன்னது.

பம்பாய்க்குப் போன அறிக்கை

அறிக்கை 1970ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தலித்துகள் மீதான கொடுமைகளை அரசே அமைத்த குழு ஆவணப்படுத்தியது செய்தியாக வெளியில் போனது. அதன் அதிர்வு அதிகமாகத் தெரிந்த இடம் தமிழ்நாடு அல்ல, மகாராஷ்டிரம். பம்பாயில் 1972ல் நாம்தேவ் தசால், ஜே.வி.பவார், ராஜா டாலே போன்ற இளம் எழுத்தாளர்கள் 'தலித் பேந்தர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த இயக்கம் பிறந்ததற்கான காரணங்களில் ஒன்றாக இளையபெருமாள் அறிக்கையை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும் அரசு என்ன செய்தது என்ற கோபம்தான் அது.

அந்த இயக்கத்தின் தமிழகக் கிளையை மதுரையில் மலைச்சாமி 1980களில் கட்டினார். அவருக்குப் பிறகு 1990ல் பொறுப்புக்கு வந்தவர் தொல்.திருமாவளவன். இயக்கம் விடுதலைச் சிறுத்தைகள் ஆனது, பிறகு கட்சியாகத் தேர்தலுக்கு வந்தது. 2009ல் திருமாவளவன் முதல் முறையாக எம்.பி. ஆனார். தொகுதி எது தெரியுமா? சிதம்பரம். 1957ல் இளையபெருமாள் ஜெயித்த அதே பெயர். 2019, 2024 தேர்தல்களிலும் அங்கேதான் வென்றார். காட்டுமன்னார்கோயிலில் கிளம்பிய ஒரு சங்கதி டெல்லி, பம்பாய், மதுரை என்று சுற்றி, நாற்பது வருடத்தில் மறுபடி சிதம்பரத்துக்கே வந்துவிட்டது.

1976: சட்டத்துக்குப் பல் முளைத்தது

அறிக்கைக்குப் பிறகு 1972ல் திருத்த மசோதா அறிமுகமானது. கூட்டுக் குழுவுக்குப் போய், 1976ல்தான் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பர் 19 முதல் அமலுக்கு வந்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் பெயரே மாறியது. இன்று நாம் 'பி.சி.ஆர். சட்டம்' என்று சொல்லும் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இதுதான்.

என்னென்ன மாறின?

• குறைந்தபட்சம் ஒரு மாதம் சிறை கட்டாயம். கூடவே அபராதமும் உண்டு. 'அல்லது' போய் 'மற்றும்' வந்தது.

• திரும்பத் திரும்பக் குற்றம் செய்தால் தண்டனை கூடும். இரண்டாவது முறை குறைந்தது ஆறு மாதம், மூன்றாவது முறையிலிருந்து குறைந்தது ஒரு வருடம்.

• சமரசம் செய்துகொள்ள முடியாது.

• விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினால், அவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார்.

• ஊரே சேர்ந்து தீண்டாமைக் கொடுமை செய்தால் ஊர் மீது கூட்டு அபராதம் விதிக்கலாம்.

• இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கத் தகுதி இழப்பார்.

இதுவும் போதாமல்தான் 1989ல் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் நாடு சுதந்திரமடைந்த பிறகு தீண்டாமைச் சட்டம் முதல் முறையாகப் பலப்பட்டது 1976ல். அதற்கான அஸ்திவாரம் இளையபெருமாள் அறிக்கை.

ஒரு நல்ல சட்டம் உரிய பலம் பெறத் தாமதமாவது இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் சார்லஸ் சம்னர் என்ற செனட்டர், விடுதி, ரயில், நாடக அரங்கு எதிலும் கறுப்பின மக்களைத் தடுக்கக் கூடாது என்ற மசோதாவுக்காகத் தன் கடைசிக் காலம் முழுக்கப் போராடினார். 1874ல் அவர் இறந்தார், 1875ல் சட்டம் நிறைவேறியது, 1883ல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்தது. அதே உரிமை மறுபடி சட்டமானது 1964ல். எண்பது வருடத்துக்கு மேல். அந்தக் கணக்கில் பார்த்தால் இளையபெருமாள் அறிக்கையின் முதல் பாதிக்கு ஏழே வருடத்தில் பலன் கிடைத்துவிட்டது. இரண்டாவது பாதி, அந்தக் கருவறைப் பரிந்துரை, அதுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

காங்கிரஸ்காரர் சொன்னது, தி.மு.க. சட்டமாக்கியது

கருவறைக்குள் நுழையும் உரிமை கேட்டு 1970 ஜனவரி 26ல் கிளர்ச்சி என்று பெரியார் அறிவித்திருந்தார். சட்டமே கொண்டு வருகிறோம் என்று முதல்வர் மு.கருணாநிதி உறுதி சொன்னதால் கிளர்ச்சி ஒத்திவைக்கப்பட்டது.

அந்த ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்த மசோதாவின் நோக்கக் காரண விளக்கத்தில் முதலில் எடுத்துச் சொல்லப்படுவது எது தெரியுமா? 1969ல் தீண்டாமை குறித்த குழு, அதாவது இளையபெருமாள் கமிட்டி, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறது என்பதுதான். 'அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர்' என்றால் பெரியாரும் கருணாநிதியும்தான் நினைவுக்கு வருவார்கள். அது சரிதான். ஆனால் சட்டத்தின் காகிதத்தில் முதல் சாட்சியாக நிற்பது காட்டுமன்னார்கோயில் காங்கிரஸ்காரரின் அறிக்கை.

திருத்தம் செய்தது ஒரே ஒரு விஷயம்தான். முந்தைய அர்ச்சகரின் வாரிசு என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு அந்தப் பணியில் உரிமை கிடையாது என்றது.

பரம்பரை அர்ச்சகர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972 மார்ச் 14ல் வந்த சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற நிர்வாக வேலை, எனவே வாரிசு முறையை ஒழித்தது செல்லும் என்றது ஒரு பக்கம். ஆகமக் கோயில்களில் ஆகமம் சொல்லும் பிரிவைச் சேர்ந்தவர்தான் மூலவரைத் தொட்டுப் பூஜை செய்ய முடியும், அதை மீறினால் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படும் என்றது இன்னொரு பக்கம்.

அதாவது, அப்பாவுக்குப் பிறகு மகன் என்பது போனது. ஆனால் இன்ன பிரிவில் பிறந்தவர் என்பது அப்படியே இருந்தது. சட்டம் ஜெயித்தது, நோக்கம் தோற்றது. 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தபோது, அவர் 'நெஞ்சில் தைத்த முள்' அப்படியே இருந்தது என்று கருணாநிதி பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு என்ன ஆச்சு?

நீண்ட கதை. முக்கியமான மைல்கற்களை மட்டும் பார்க்கலாம்.

1982: எம்.ஜி.ஆர். ஆட்சியில் அமைக்கப்பட்ட நீதிபதி மகராஜன் குழு, பயிற்சி பெற்ற எந்தச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அறிக்கை கொடுத்தது.

2002: கேரளக் கோயில் தொடர்பான ஆதித்தன் வழக்கில், பிராமணர் அல்லாத ஒருவர் முறையாகப் பயிற்சி பெற்றிருந்தால் அவரை அர்ச்சகராக நியமித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

2006: தகுதியும் பயிற்சியும் பெற்ற அனைத்துச் சாதி இந்துக்களும் அர்ச்சகராகலாம் என்று கருணாநிதி அரசு அரசாணை போட்டது. ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்தார்கள். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டதால் சான்றிதழ் கையிலும் வேலை இல்லாமலும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

2015: டிசம்பரில் தீர்ப்பு. நியமனங்கள் ஆகமப்படி இருக்கலாம், ஆனால் அது அரசியலமைப்புக்கு உட்பட்டிருக்க வேண்டும், எந்தக் கோயிலுக்கு எது பொருந்தும் என்பதை அந்தந்த வழக்கில் பார்க்க வேண்டும் என்றது. மறுபடி, கோயில் கோயிலாக.

2018: பயிற்சி பெற்றவர்களில் முதல் நபருக்கு மதுரையில் ஒரு ஐயப்பன் கோயிலில் பணி கிடைத்தது. படித்து முடித்துப் பத்து வருடம் கழித்து.

2021: ஆகஸ்ட் 14ல் 58 பேருக்கு முதல்வர் ஸ்டாலின் நியமன ஆணை கொடுத்தார். அதில் 24 பேர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்த பல்வேறு சாதியினர்.

2023: ஆகமம் தெரிந்தவராக இருந்தால் போதும், அர்ச்சகர் நியமனத்தில் சாதிவழிப் பரம்பரைக்கு இடமில்லை என்று ஜூன் மாதம் சேலம் சுகவனேஸ்வரர் கோயில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. செப்டம்பரில் ஆகமக் கோயில் நியமனங்களில் தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நியமனம் கிடைத்த சிலரும், கருவறைக்குள் பூஜை செய்ய விடாமல் வெளியிலேயே நிறுத்திவைக்கிறார்கள் என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். ஆணை கையில் இருக்கிறது, ஆனால் கருவறைப் படி ஏற முடியவில்லை. 1955 சட்டத்தைப் பற்றி இளையபெருமாள் கமிட்டி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

சரி, சிதம்பரம் கோயில்?

இளையபெருமாளுக்கு அரங்கம் கட்டியிருக்கும் ஊரில், அவருடைய பரிந்துரை நடராஜர் கோயிலுக்குப் பொருந்துமா? இன்றைய நிலையில் பொருந்தாது.

காரணம் இதுதான். சிதம்பரம் கோயிலில் பூஜையும் நிர்வாகமும் பொது தீட்சிதர்கள் கையில். அந்த உரிமை பிறப்பால் வருவது. கல்யாணம் ஆன ஆண்களுக்குத்தான் பூஜை முறை கிடைக்கும். 1951ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை அரசியலமைப்பின் 26வது பிரிவின் கீழ் பாதுகாப்பு உள்ள தனி சமயப் பிரிவினராக ஏற்றுக்கொண்டது. பிறகு அரசு செயல் அலுவலரை நியமித்தது. அதை 2009ல் உயர் நீதிமன்றம் சரி என்றது. ஆனால் 2014 ஜனவரி 6ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அதனால் மற்ற கோயில்களில் அர்ச்சகர் நியமனத்தை மாற்றப் பயன்படும் அறநிலையத் துறைச் சட்டம் இங்கே அப்படி உள்ளே வர முடியாது.

இதனால் அங்கே ஒவ்வொரு மாற்றமும் தனித்தனிப் போராட்டமாகத்தான் நடக்கிறது. சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடவே 2008ல் அரசாணை தேவைப்பட்டது. கனகசபையில் ஏறிப் பக்தர்கள் வழிபடலாம் என்பதற்கு 2022 மே மாதம் இன்னொரு அரசாணை வந்தது. அதன் மீதும் சர்ச்சை.

இதே ஊரில்தான் நந்தன் கதை நடந்ததாகச் சொல்வார்கள். புலையராகப் பிறந்த பக்தர், தில்லைக்குள் போவதற்கு முன் தீயில் இறங்க வேண்டியிருந்தது. சகஜானந்தர் தன் பள்ளிக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். உள்ளே போவதற்கு நெருப்பு எதற்கு, படிப்பும் பயிற்சியும் போதாதா என்பதுதான் இளையபெருமாள் அறிக்கையின் கேள்வி.

கடைசிக் காலம்

1980ல் அவர் சென்னை எழும்பூர் தொகுதியில் எம்.எல்.ஏ. ஆனார். ஆனால் சொந்த ஊர் அவரை விடவில்லை. சாவுக்குப் பறையடிப்பது, செத்த மாடு தூக்குவது போன்ற வேலைகளைச் சாதியின் பெயரால் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கிராமம் கிராமமாகப் பேசினார். 1987ல் வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியலின்போது தென்னாற்காடு கொந்தளித்தது. பல சேரிகளில் குடிசைகள் எரிந்தன. அந்தக் காலகட்டத்துக்குப் பிறகு அவர் காங்கிரஸை விட்டு வெளியே வந்து, இந்திய மனித உரிமைக் கட்சி என்று தனிக் கட்சி தொடங்கினார். பெரிய கட்சிக்குள் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிடும் என்று முப்பத்தைந்து வருடம் பார்த்த பிறகு எடுத்த முடிவு.

தமிழக அரசின் அம்பேத்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2005 செப்டம்பர் 8ல், 81வது வயதில் காலமானார். 24 பேருக்கு அர்ச்சகர் ஆணை கிடைத்ததை அவர் பார்க்கவில்லை. அவர் அறிக்கை எழுதியபோது அந்த 24 பேரும் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

ஏன் இப்போது தெரிந்துகொள்ள வேண்டும்?

ஆகமக் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதியாக என்ன சொல்லும் என்பதைப் பொறுத்துதான், பயிற்சி முடித்துவிட்டுக் காத்திருப்பவர்களின் எதிர்காலம் இருக்கிறது. ஒரு பக்கம் வழிபாட்டு மரபு, இன்னொரு பக்கம் சமத்துவம் என்று வாதம் நடக்கும். அப்போது வழக்கறிஞர்கள் எடுக்கும் பழைய காகிதங்களில் 1970 திருத்தமும், அதன் முதல் பக்கத்தில் 1969 அறிக்கையும் இருக்கும்.

சிதம்பரத்தில் அரங்கம் திறந்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தனிப் பானை ஒழிந்து எண்பது வருடம் இருக்கும். பானையை உடைத்தவர் பெரியவராகி எழுதிக் கொடுத்த பரிந்துரை மட்டும், ஐம்பது வருடம் கடந்தும், கோர்ட் வரிசையில் நிற்கிறது.